அடுத்தவர் பட்டாவில் நிற்கும் பெரிய மரத்தை வெட்டாமல் காப்பாற்றுவது எப்படி

தெரு முழுக்க நிழல் தரும் மரம் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மனைக்குள்தான் நிற்கும். அவர் வீடு கட்டவோ விற்கவோ முடிவெடுத்து, மர வியாபாரி வந்து அடிமரத்தைக் கையால் அணைத்து அளவு பார்த்துவிட்டுப் போன அன்றைக்குத்தான் தெருவுக்கு மரத்தின் மேல் பாசம் பொங்கும். அப்போது ஆரம்பித்தாலும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது, ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

முதல் வேலை, மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. "இது எங்க தாத்தா வெச்ச மரம்" என்பதெல்லாம் கணக்கில் வராது. தமிழ்நாடு அரசின் இ-சேவைகள் தளத்தில் பட்டா, அ-பதிவேடு, புலப்பட வரைபடம் மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வேலிக்கு உள்ளே நிற்பதாலேயே பட்டா நிலம் என்று நினைத்துவிடாதீர்கள், பல இடங்களில் வேலியே புறம்போக்கில் ரெண்டடி தள்ளித்தான் நிற்கும். அடிமரம் சரியாக எல்லைக்கோட்டில் நின்றால் அது இரு வீட்டாருக்கும் பொது, ஒருவர் மட்டும் முடிவெடுத்து வெட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு மனு போட்டு சர்வேயரை வரவழைத்துவிடுங்கள்.

மரம் புறம்போக்கிலோ சாலையோரத்திலோ ஏரிக்கரையிலோ இருந்தால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கும். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் ஒரே மனுவை அனுப்புங்கள். மரத்தின் படம், நெஞ்சு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, புல எண், எதிரே என்ன கடை, எந்த மின்கம்பம் என்பது வரை எழுதுங்கள். வெறும் உணர்ச்சி மட்டும் உள்ள மனு கோப்பிலேயே தூங்கும். புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்க யாராவது 2-சி பட்டா வைத்திருக்கிறார்களா என்பதையும் விஏஓவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்குப் புளியோ மாங்காயோ பறிக்கத்தான் உரிமை, நிலம் அவருடையது ஆகிவிடாது.

பட்டா நிலம் என்றால் கதை வேறு. கிரயப் பத்திரத்தில் 'மாவடை மரவடை உட்பட' என்று எழுதித்தான் நிலம் கைமாறுகிறது, அதனால் நிலத்தை வாங்கியவருக்கே மரமும் சொந்தம். மகாராஷ்டிரத்தில் 1975-லிருந்தும், கர்நாடகத்தில் 1976-லிருந்தும், டெல்லியில் 1994-லிருந்தும் தனியார் மனை மரத்துக்கே அனுமதி கேட்கும் சட்டங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தப்படி 50 வயது தாண்டியதெல்லாம் பாரம்பரிய மரம், அதை வெட்டினால் அதற்கு எத்தனை வயதோ அத்தனை கன்று நட வேண்டும். தமிழ்நாட்டுச் சமவெளியில் அவ்வளவு அகலமான சட்டம் இல்லை. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 என்று ஒன்று இருக்கிறது, நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் சொந்த நிலத்து மரத்துக்கும் அந்தச் சட்டப்படி அமைத்த குழுவின் அனுமதி வாங்க வேண்டும். சந்தன மரம் எங்கே நின்றாலும் வனத்துறை வந்துவிடும். ஆக, "கேஸ் போட்டுடுவேன்" என்ற மிரட்டலுக்குக் குன்னூரில் அர்த்தம் இருக்கிறது, கும்பகோணத்தில் ஒரு வேப்பமரத்துக்காக அதைச் சொன்னால் உரிமையாளரின் வக்கீல் சிரிப்பார். 2025 மார்ச்சில் தாஜ்மகால் சுற்று வட்டாரத்தில் 454 மரங்களை வெட்டிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே நீதிமன்றத்தின் முன்அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது என்று பல வருடமாகத் தடை இருந்தது, உங்கள் தெருவில் அது இல்லை.

ராத்திரியோடு ராத்திரியாக மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, ஒரு கல்லை நட்டு, குங்குமம் வைத்துச் சாமியாக்கிவிடும் வித்தை எல்லா ஊரிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அவர் நிலத்தையே பிடிக்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும், அப்புறம் அடிப்பட்டையைச் சுற்றி வளையமாகச் செதுக்கிவிட்டோ வேரில் ஆசிட் ஊற்றிவிட்டோ, "தானா காஞ்சு போச்சுங்க" என்பார். அவரைக் கோபப்படுத்தினால் மரம் இன்னும் சீக்கிரம்தான் சாகும்.

எனவே பட்டா மரத்துக்கு ஒரே நல்ல வழி, அதை வைத்திருப்பது உரிமையாளருக்குச் சிரமமில்லாதபடி செய்வது. யோசித்துப் பாருங்கள், நிழல் பத்து வீட்டுக்கு, சருகு கூட்டுவதும் ஓடு உடைவதும் அவர் ஒருவருக்கு. இந்த நியாயத்தை நீங்களே முதலில் சொல்லிவிட்டால் பேச்சு இறங்கி வரும். கூட்டமாகப் போகாதீர்கள், அவர் மதிக்கும் ஒருவரோடு போங்கள், காகிதம் எதையும் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள். "அண்ணே, மரத்தை வெட்டாதீங்க" என்று ஆரம்பிக்காமல், "மரத்தால உங்களுக்கு என்ன தொந்தரவுண்ணே?" என்று கேளுங்கள். முதலில் வாஸ்து என்பார், புளியமரம் என்றால் பேய் என்றுகூடச் சொல்வார், கொஞ்ச நேரம் பேசவிட்டால் உண்மையான காரணம் வெளியே வரும்: சம்பில் வேர் இறங்கிவிட்டது, போன மழையில் ஒரு கிளை கார் மேல் விழுந்தது, இல்லை மகளின் கல்யாணச் செலவுக்கு மரக்காசு ஆகும்.

ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சம்பில் வேர் என்றால் பெரும்பாலும் சம்பில் ஏற்கெனவே விரிசல் இருந்து, கசியும் ஈரத்தைத் தேடி வேர் வந்திருக்கும். மரத்தை வெட்டினாலும் கசிவு போகாது, இதைக் கொத்தனாரை வைத்தே சொல்லவையுங்கள். கிளை பயம் என்றால் மரத்தை ஒன்றாகப் போய்ப் பாருங்கள். அடிமரத்தை மரச்சுத்தியலால் தட்டினால் பொந்து இருக்கும் இடம் சத்தத்திலேயே தெரியும், ஆனால் பொந்து இருப்பதால் மட்டும் மரம் விழுந்துவிடாது. புதிதாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, அடியில் காளான் தட்டுத் தட்டாகப் பூத்திருக்கிறதா, இவைதான் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள். காய்ந்த கிளைகளைக் கழிக்க ஆள் விடும்போது கூடவே நில்லுங்கள். கனத்த கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டு, அதைவிடச் சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். மிச்சத்தைக் கிளையின் அடிமோதிரம் போன்ற புடைப்பை ஒட்டி வெட்டுங்கள். தலையை மொட்டையடிக்கச் சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள், மொட்டையடித்த இடத்தில் துளிர்க்கும் கிளைகள்தான் பின்னாளில் பலமில்லாமல் ஒடிந்து விழும். பொந்தில் சிமென்ட் அடைப்பதும் வேண்டாம், அதனால் மரத்துக்கு ஒரு பலமும் வராது.

காசுதான் பிரச்சினை என்றால் காசைத்தான் பேச வேண்டும். ஹரியானாவில் 75 வயது தாண்டிய மரத்தைப் பராமரிப்பவருக்கு அரசே வருடந்தோறும் ஒரு தொகையை 2023-ல் ஓய்வூதியம் போல் கொடுக்கத் தொடங்கியது, தனியார் நிலத்து மரத்துக்கும் உண்டு. நம் தெருவுக்கு அரசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கிளை கழிக்கும் செலவைப் பத்து வீடு பங்கு போட்டுக்கொள்ளலாம், விழுந்து ஓடு உடைந்தால் மாற்றித் தருகிறோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். புளியமரத்தின் அடிக்கட்டை கறிக்கடைக்காரர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று வியாபாரிக்கு நன்றாகத் தெரியும், அந்தத் தொகை எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள், பல நேரம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

வீடு கட்டப்போகிறார் என்றால் பொறியாளர் வரைபடம் போடுவதற்கு முன்பே போய்விட வேண்டும். பொதுவான கணக்கு இதுதான்: அடிமரத்தின் குறுக்களவு எத்தனை அங்குலமோ, அத்தனை அடி தூரத்துக்குச் சுற்றிலும் முக்கிய வேர் இருக்கும். சுற்றளவு 75 அங்குலம் என்றால் குறுக்களவு கிட்டத்தட்ட 24 அங்குலம், அதாவது 24 அடி ஆரம். நாற்பதுக்கு அறுபது அடி மனையின் நடுவில் மரம் நின்றால் இது பாதிக்கு மேல் விழுங்கிவிடும், முழுவதையும் விட்டுக்கொடு என்று யாரிடமும் கேட்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் இழந்தால் நல்ல மரம் பிழைத்துக்கொள்ளும், நாலு பக்கமும் தோண்டினால் ரெண்டு மூன்று வருடத்தில் உச்சியிலிருந்து காய ஆரம்பிக்கும். அதனால் சம்பும் கழிவுநீர்த் தொட்டியும் மரத்துக்கு எதிர்மூலைக்குப் போகட்டும், மரத்துப் பக்கம் நீள அஸ்திவாரக் குழிக்குப் பதில் தூண் வைத்து மேலே பீம் போடச் சொல்லுங்கள், ஜல்லியையும் மணலையும் அடிமரத்தில் குவிக்கவிடாதீர்கள். செலவு கூடும், அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நீங்களே எதிர்ப்பக்கத்தில் இருந்தால்? பக்கத்து மரத்தின் கிளை உங்கள் எல்லைக்குள் வந்தால் எல்லைவரை வெட்டிக்கொள்ளலாம், சொல்லிவிட்டு வெட்டுவது மரியாதை, அவர் மனைக்குள் ஏறி வெட்டுவது அத்துமீறல். விழும் நிலையில் உள்ள மரம் என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், முன்பு குற்ற நடைமுறைச் சட்டம் 133 என்று இருந்தது இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 152. அந்தப் பிரிவில் மரத்தை அகற்றச் சொல்வது மட்டுமல்ல, முட்டுக் கொடுக்கச் சொல்லவும் வழி இருக்கிறது. மரத்தை விரும்புகிறவர்கள் விசாரணைக்குப் போய் அதைக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் அகற்று என்றுதான் உத்தரவு வரும்.

கடைசியாக, மரம் உங்களுடையது, மனையை விற்கிறீர்கள், வாங்குபவர் வெட்டக் கூடாது என்று நினைக்கிறீர்கள். பத்திரத்தில் "மரத்தை வெட்டக் கூடாது" என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று தரகர் சொல்வார். சொத்து மாற்றுச் சட்டம் 11-ஆம் பிரிவுப்படி முழுக்கிரயம் செய்துவிட்டு அனுபவிக்கும் விதத்துக்கு நிபந்தனை போட்டால் செல்லாது, நீங்கள் பக்கத்து நிலத்தை வைத்திருந்து அதன் நன்மைக்காகப் போட்ட நிபந்தனைக்குத்தான் விதிவிலக்கு. எனவே மரத்தை ஒட்டிய மனைகளில் ஒன்றையாவது கையில் வைத்துக்கொண்டு, அந்த மனையின் நிழலுக்காக என்று எழுதி விற்றால்தான் அந்த வரிக்கு உயிர். அதற்கு வழியில்லையென்றால் மரம் நிற்கும் துண்டை மட்டும் விற்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள், விலையில் கொஞ்சம் குறையும்.