சின்ன ராட்செட்: வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

8, 10 எம்.எம். போல்ட்டுகளோடுதான் அதிகம் மல்லுக்கட்டுகிறீர்கள் என்றால் கால் இஞ்ச் டிரைவ், அதாவது 6.35 மி.மீ. சதுர முனை உள்ள ராட்செட்டே (கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினாலும் போல்ட்டை ஒரே பக்கமாகத் திருகும் கருவி) போதும். முதலில் அதன் தலைக்குள் இருக்கும் சக்கரத்தில் பல் எத்தனை என்று பாருங்கள். 36 பல் என்றால் அடுத்த பல்லில் விழக் கைப்பிடி 10 டிகிரி நகர வேண்டும், 72 பல்லுக்கு 5 டிகிரி போதும், கை நுழையாத இடுக்கில் இந்த வித்தியாசம்தான் வேலையை முடிக்கும். ஆனால் பல் கூடக் கூடப் பொடிசாகும், அழுக்கும் சீக்கிரம் தொந்தரவு கொடுக்கும், அதனால் 72-க்கு மேல் போவதில் எனக்குப் பெரிய ஆசை இல்லை.

அப்புறம், முனையில் ஒரு சாக்கெட்டை (நட்டின் மேல் கவிழும் குழலை) மாட்டி, அதை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பின்னால் திருப்பிப் பாருங்கள். விரலை மீறிச் சாக்கெட்டும் கூடவே சுழன்றால் வைத்துவிடுங்கள், லூசான நட்டை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருக்கும்.

இறுகிப்போன போல்ட்டை ரிங் ஸ்பேனரால் இளக்கிவிட்டுத்தான் இதை மாட்ட வேண்டும். கைப்பிடியில் பைப் சொருகி அழுத்தினால் பல் போச்சு.

திருப்பும்போது கரகரவென்று இருந்தால் தலையின் ஸ்க்ரூவைக் கழற்றி (கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் துள்ளி ஓடும்) பழைய டூத்பிரஷும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்துக் காயவிட்டு, துளி கிரீஸ் மட்டும் தடவுங்கள். அப்பிவிட்டால் பல்லைக் கவ்வும் கொக்கி ஒட்டிக்கொண்டு நழுவ ஆரம்பிக்கும்.