பெய்ன் நா லாப் ஏறத் திட்டமிடுவது எப்படி? திரும்பும் ரயிலில் இருந்து ஆரம்பியுங்கள்

ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு, அதாவது 914.4 மீட்டருக்கு மேல் உயர்ந்த 282 மலைகளை மன்ரோ என்கிறார்கள். 1891-ல் முதல் பட்டியலைப் போட்டவர் ஹ்யூ மன்ரோ. அந்த வரிசையில் 935 மீட்டர் உயரமுள்ள பெய்ன் நா லாப், முதல் தடவை ஏறுகிறவர்களுக்குத் தோதான மலை. பாறையைப் பிடித்து ஏற வேண்டிய இடமே கிடையாது. ஆனால் பொதுச் சாலை எதுவும் அதன் பக்கத்தில்கூட வராது. கிளாஸ்கோ – ஃபோர்ட் வில்லியம் ரயில் பாதையில் கொரவர் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கித்தான் நடக்க வேண்டும். ஸ்டேஷனே 408 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாதி மலையை ரயிலே ஏற்றிவிடுகிறது.

1. திரும்பும் ரயிலைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

கொரவரில் ஒரு நாளைக்கு நிற்கும் ரயில்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. கடைசி ரயிலைத் தவறவிட்டால் டாக்சி வராது, ஏனென்றால் வருவதற்குச் சாலை இல்லை. அதனால் கணக்கை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

மொத்த நடை ஏறக்குறைய 9.5 கி.மீ., ஏற்றம் சுமார் 550 மீட்டர். 1892-ல் வில்லியம் நைஸ்மித் சொன்ன சூத்திரம் இன்றும் கைகொடுக்கும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அதன்படி உச்சிக்குப் போக 1 மணி 50 நிமிடம் வரும். அது பழகிய கால்களுக்கான கணக்கு. ஈரச் சரிவில் புதியவர்கள் பாதி நேரம் கூடுதலாக எடுப்பார்கள். 2 மணி 45 நிமிடம் என்று வையுங்கள். இறங்க 2 மணி.

உதாரணத்துக்கு, காலை 11.15-க்கு இறங்குகிறீர்கள், திரும்பும் ரயில் மாலை 6.30 என்று வைத்துக்கொள்வோம். (உண்மையான நேரத்தை அன்றைய அட்டவணையில் பாருங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும்.) 6 மணிக்கு நடைமேடையில் இருக்க வேண்டும். இறங்க 2 மணி, கால் சுளுக்கினாலோ வழி தப்பினாலோ சமாளிக்க ஒரு மணி. ஆக, 3 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சரி. இந்த நேரத்தை வீட்டிலேயே காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் 'இன்னும் பத்தே நிமிஷம்' என்றுதான் மனசு சொல்லும்.

2. வரைபடத்தில் ஒரு முறை ஏறிப் பாருங்கள்

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் லேண்ட்ரேஞ்சர் 41-ஆம் எண் வரைபடம் (1:50,000) போதும். போனில் உள்ள வரைபடம் கூடுதல் வசதி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் காகித வரைபடமும் காம்பஸும் கட்டாயம்.

ஸ்டேஷனிலிருந்து கிழக்கே மண்சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடந்தால் பாதை பிரியும். வலப்பக்கம் போவது ஓசியன் ஏரிக்கரையில் இருக்கும் ஹாஸ்டலுக்கு. நீங்கள் இடப்பக்கம் போக வேண்டும். சற்று தள்ளி, வடக்கே சரிவில் ஏறும் தடம் தெரியும். இங்கிருந்து மலைமுதுகு வரை உள்ள பகுதிதான் அன்றைய நாளின் கஷ்டமான வேலை. புல்லுக்கு அடியில் கரி மண் சேறு. பளிச்சென்ற பச்சைப் பாசி தெரியும் இடத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். பழுப்பேறிய புல் திட்டுகளைப் பார்த்து மிதியுங்கள்.

முதுகின் தென்மேற்கு முனையை அடைந்ததும் வடகிழக்கே திரும்பினால் அகலமான, மெதுவான ஏற்றம். உச்சிக்குச் சற்று முன்னால் சிறு குளம் ஒன்று வரும். அதைத் தாண்டினால் உச்சிக் கற்குவியல்.

தவறு நடப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான். முதுகு அகலமாக இருப்பதால் மூடுபனியில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும். சாப்பிட்டுவிட்டு எழுந்து, வந்த வழி என்று நினைத்து வடக்கே இறங்கினால் ஸ்டேஷனுக்கு நேர் எதிரான ஆளில்லாப் பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். உச்சியில் உட்காரும் முன்பே காம்பஸைத் தென்மேற்குக்கு வைத்துவிடுங்கள். துல்லியமான கோணத்தை வரைபடத்தில் முன்கூட்டியே அளந்து எழுதி வையுங்கள். இந்த மலையில் ஒரு நல்ல விஷயம், தெற்குச் சரிவில் எங்கே இறங்கினாலும் ஏரியின் வடகரை மண்சாலை குறுக்கே வந்து உங்களைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து மேற்கே நடந்தால் ஸ்டேஷன்.

3. வானிலை

ஃபோர்ட் வில்லியம் ஊருக்கான முன்னறிவிப்பை நம்பாதீர்கள், அது கடல்மட்டத்துக்கு. உச்சியில் 6 முதல் 9 டிகிரி வரை குளிர் கூடும். எம்.டபிள்யூ.ஐ.எஸ். என்ற மலை வானிலைத் தளத்தில் மேற்கு ஹைலேண்ட்ஸ் பகுதியை முந்தின மாலை பாருங்கள். முதலில் காற்று, அப்புறம் மேகத்தின் அடி உயரம், கடைசியில் மழை. மழையில் நடக்கலாம், மணிக்கு 65 கி.மீ. காற்றில் நேராக நிற்பதே சிரமம். அப்படிப் போட்டிருந்தால் ஏரிக்கரையைச் சுற்றிவிட்டு வாருங்கள்.

மே, ஜூன் மாதங்கள் நல்லவை, பகல் நீளம். கோடையில் காற்று அடங்கினால் மிட்ஜ் என்னும் பொடிக் கொசு மொய்க்கும். தலைக்கு வலை வாங்குங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மான் வேட்டை நடக்கும், நிலத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போவது மரியாதை. பனி கிடக்கும் மாதங்களில் ஐஸ் ஆக்ஸும் (பனிக்கோடாலி) கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்) பழகாதவர்கள் போக வேண்டாம்.

4. பை

ஜீன்ஸும் பருத்தி டிசர்ட்டும் வேண்டாம். நனைந்தால் காயாது, காற்று பட்டதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே செயற்கை இழை அல்லது கம்பளி, மேலே ஃப்ளீஸ், அதற்கு மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட், பேன்ட் இரண்டும். ஜூனிலும் தொப்பி, கையுறை. கணுக்காலை மூடும் பூட்ஸ். தண்ணீர் ஒன்றரை லிட்டர். மலைமுதுகுக்கு மேலே ஓடைகளை நம்ப முடியாது. ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக. ஹெட்டார்ச், விசில், உள்ளே நுழைந்து படுக்கும் ஆரஞ்சு நிற சர்வைவல் பை. வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோய் அதனால் வரலாம்.

5. யாரிடமாவது சொல்லிவிட்டு

எந்த வழி, எந்த ரயில், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும்: இந்த மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு மெசேஜாக அனுப்புங்கள். ஆபத்தில் பிரிட்டனின் அவசர எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும். சிக்னல் பலவீனமான இடத்தில் குறுஞ்செய்தியே போகும்; அதற்கு முன்கூட்டியே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிவு செய்திருக்க வேண்டும். சிக்னலே இல்லையென்றால் விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். மூன்று ஊதல் பதிலாக வந்தாலும் நிறுத்தாதீர்கள், ஆட்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உங்களைத் தேடி வருவார்கள்.