ஃபேட்டி லிவருக்கு கருப்பு பூண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கேன்ல "கிரேடு 1 ஃபேட்டி லிவர்"னு (லிவர்ல கொழுப்பு சேர்ற பிரச்சனையோட ஆரம்ப நிலை) வந்துட்டா போதும், மறுநாளே சொந்தக்காரங்க யாராவது வாட்ஸ்அப்புல கருப்பு பூண்டு கேப்சூல் லிங்க் தட்டி விட்ருவாங்க. சாப்பிடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா இத மருந்துன்னு நினைச்சுராதீங்க.

கொரியால 75 பேர வச்சு 12 வாரம் நடத்துன ஆய்வுல, புளிக்க வச்ச பூண்டு எக்ஸ்ட்ராக்ட் (சாறு) எடுத்தவங்களுக்கு ஜிஜிடி, எஸ்ஜிபிடிங்கற லிவர் டெஸ்ட் அளவுகள் இறங்குச்சுங்கறது உண்மைதான், ஆனா அவங்கல்லாம் ஜிஜிடி லேசா ஏறி இருந்தவங்க, சிரோசிஸ்காரங்களுக்கோ (லிவர் தழும்பேறி சுருங்கினவங்க) ஹெபடைடிஸ் பிங்கற லிவர் வைரஸ் தொற்று இருக்கறவங்களுக்கோ அத பொருத்தி பாக்க முடியாது. அதோட எஸ்ஜிபிடி நார்மல்னா கொழுப்பு போயிடுச்சுன்னும் இல்ல, ஃபேட்டி லிவர் இருக்கறப்பவே நிறைய பேருக்கு அது நார்மலாதான் காட்டும். எடைய 7–10 சதவீதம் குறைச்சா லிவர் தேறுதுங்கறதுக்கு இருக்கற ஆதாரம் பூண்டுக்கு கிடையாது. ராத்திரி குவார்ட்டர அடிச்சுட்டு காலைல கேப்சூல் போடறவங்கள பத்தி என்னத்த சொல்ல.

கடைல விக்கற கருப்பு பூண்டு பெரும்பாலும் கிருமியால புளிச்சதே இல்லைங்க. 60லேர்ந்து 90 டிகிரி சூட்டுல, ஈரப்பதத்தோட வாரக்கணக்குல வச்சிருப்பாங்க, உள்ள இருக்கற சர்க்கரையும் அமினோ ஆசிடும் சேர்ந்துதான் பூண்டு பல்லு கருத்து பேரீச்சம்பழம் மாதிரி பிசுபிசுன்னு ஆகுது. இதுல பச்சை பூண்டோட காரமான வாசனைக்கு காரணமான அல்லிசின் குறைஞ்சு, எஸ்-அல்லைல் சிஸ்டீன்ங்கற வேற ஒரு பொருள் கூடும், அதனால "அல்லிசின் நிறைந்த கருப்பு பூண்டு"ன்னு விளம்பரம் பண்ணா கொஞ்சம் உஷாராவே இருங்க.

நிஜமாவே ஆபத்தான தப்பு ஒண்ணு இருக்கு. பச்சை பூண்ட எண்ணெய்ல போட்டு மூடி கிச்சன் மேடைலயே ஊற வைக்கறது. காத்து போகாத எண்ணெய்க்குள்ள பொட்டுலிசம்ங்கற, உடம்ப முடக்கற விஷ நோய உண்டாக்கற கிருமி விஷத்த உண்டாக்கும், மணத்தையும் ருசியையும் வச்சு கண்டுபிடிக்க முடியாது. 1985ல கனடாவோட வான்கூவர்ல ஃபிரிட்ஜ்ல வைக்காத பூண்டு எண்ணெயால 36 பேர் பாதிக்கப்பட்டாங்க.

வார்ஃபரின், குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க குடுக்கற மாத்திரை எடுக்கறவங்க டாக்டர கேக்காம கேப்சூல ஆரம்பிக்காதீங்க, ரத்தம் உறையறத பூண்டு குறைக்கலாம். சிரோசிஸ்ல நிறைய பேருக்கு ஏற்கனவே பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவற அணுக்கள்) கம்மியா இருக்கும், அவங்களுக்கு இன்னும் ரிஸ்க். ஆபரேஷன் இருந்தா ஒண்ணு ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்த சொல்லுவாங்க. "என்னென்ன மாத்திரை போடறீங்க"ன்னு டாக்டர் கேட்டா நிறைய பேர் இத சொல்றதே இல்ல, பூண்டுதானேன்னு விட்ருவாங்க, அந்த டப்பாவையும் பைல போட்டு எடுத்துட்டு போய் காட்டுங்க.