ராயபுரத்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்: புதிதாகக் குடித்தனம் போகும் ஜோடிக்கு

தென்னாப்பிரிக்கா போகிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் சிங்கம், யானை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதை விடுங்கள். ராயபுரம் கடலை ஒட்டிய ஊர். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் மாதத்தில் காலை வாருவது இந்த உயரம்தான்.

அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். குக்கர் கட்டாயம். ஆனால் குக்கருக்குள்ளும் இங்கே வருகிற சூடு வராது, சுமார் மூன்று டிகிரி குறையும். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். கொண்டைக்கடலைக்கு இரவு முழுக்க ஊறல், அதன் பிறகு சிறு தீயில் கூடுதலாகப் பத்து நிமிடம். இட்லி இங்கே 10 நிமிடத்தில் வெந்தால் அங்கே 14, 15 ஆகும். குச்சியால் குத்திப் பார்த்து இறக்குங்கள்.

குக்கரை இங்கிருந்தே கொண்டுபோகலாம். அதைவிட முக்கியம் உதிரிகள்: கேஸ்கட் 3, வெயிட் 1, சேஃப்டி வால்வு 2. உங்கள் குக்கரின் லிட்டர் அளவைச் சொல்லிப் பாரிமுனையில் வாங்கிவிடுங்கள். அங்கே அதே கம்பெனியின் அதே அளவு கேஸ்கட்டைத் தேடி அலைவது வெட்டி வேலை. வாடகை ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் கரண்ட் அடுப்பு என்பதால் அடி உருண்டையான கடாய் தட்டில் உட்காராது. தட்டை அடியுள்ள பாத்திரங்களாக எடுத்துவையுங்கள். இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் சூடே ஏறாது. காந்தம் ஒட்டுகிற அடி வேண்டும்.

அடுத்தது மாவு. கத்திரி வெயில் முடிந்து நாம் மூச்சுவிடும் ஜூனில் அங்கே குளிர்காலம் தொடங்கும். இரவில் சில நாள் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். பல வீடுகளில் ஹீட்டர் அமைப்பு கிடையாது, சமையலறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். இட்லி அரிசி கிடைக்காவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் நீள அரிசிப் பொட்டலத்தில் 'பார்பாயில்டு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அது புழுங்கலரிசிதான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம், அரைக்கும்போது ஒரு கைப்பிடி அவல். மிக்ஸியில் உளுந்து அரைத்தால் ஐஸ் தண்ணீர் விட்டே அரையுங்கள். சூடேறினால் மாவு பொங்கி வராது. குளிர்காலத்தில் உப்பை முன்பே போடாதீர்கள். சென்னை வெயிலில் புளிப்பை அடக்க அது உதவும், அங்கே புளிப்பையே வரவிடாது. பொங்கின பிறகு சேருங்கள்.

மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவையுங்கள். ஓவனில் விளக்கு இல்லையென்றால் தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர் பாட்டிலோடு வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெந்நீரை மாற்றுங்கள். 14 முதல் 18 மணி நேரம் பிடிக்கும். ஓவனை 'லோ'வில் வைத்து அவசரப்பட்டால் ஓரத்து மாவு வெந்து கட்டியாகிவிடும்.

பிளக் விஷயம் நமக்குச் சாதகம். அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் ஏசி, கீசருக்கு வரும் 15 ஆம்ஸ் பெரிய உருண்டை பின்தான் தென்னாப்பிரிக்காவின் பழைய வழக்கமான பிளக், அப்படியே உட்காரும். மிக்ஸியின் சின்ன 5 ஆம்ஸ் பிளக் உட்காராது. பிளக்கை வெட்டிவிட்டு 15 ஆம்ஸ் டாப் மாட்டலாம், எர்த் கம்பியை மறக்காமல். புது வீடுகளில் இன்னொரு சின்ன மூன்று பின் சாக்கெட்டும் இருக்கும், அதற்கு ஏற்றதை அங்கேயே வாங்குங்கள். ஜாம்பியாவின் லுசாகா, ஜிம்பாப்வேயின் ஹராரே பக்கம் போகிறவர்களுக்குச் சதுர பின். இந்தக் கணக்கு அங்கே செல்லாது. ஒரே மல்டி பிளக்கில் கெட்டிலையும் ஹீட்டரையும் சேர்த்து மாட்டினால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

மின்சாரம் பெரும்பாலும் ப்ரீபெய்டு. பணம் கட்டினால் 20 இலக்க எண் வரும், அதை மீட்டர் பொத்தான்களில் அடிக்க வேண்டும். வாங்கும்போது மீட்டர் எண் ஓர் இலக்கம் தப்பினாலும் அந்த எண்ணை உங்கள் மீட்டர் ஏற்காது. மீட்டரைப் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்திருங்கள். 2024 நவம்பர் 24-க்குள் மீட்டர்களைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காத மீட்டர் புது எண்ணை வாங்காது. சாவி வாங்கும் முன் வீட்டு ஓனர் கண்ணெதிரே ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். திரும்பி வரும்போது பாயும் மின்னழுத்தம்தான் கம்ப்ரஸரைக் கொல்கிறது.

காகிதங்கள்: திருமணப் பதிவுச் சான்றுக்கு மாநில அரசின் சான்றொப்பம் வாங்கி, வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை) போட்டுக்கொள்ளுங்கள். துணைவர் விசாவில் வருபவருக்கு வேலை பார்க்க உரிமை இல்லை. இதைத் தெரிந்துகொண்டே வீட்டுக் கணக்கைப் போடுங்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் விமானம் மாற 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். வடசென்னைக்காரர்களுக்குக் கிண்டி வரை போக வேண்டாம், ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகம் இருக்கிறது.

கறிவேப்பிலைக் கன்று, விதை, பால் பொருள் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். 1860-இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள் வாழும் டர்பனில் கறிவேப்பிலை தாராளம். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதிக் கடைகளைப் பாருங்கள். காசிமேட்டுக் கருவாடு நினைவு வந்தால் ஜிம்பாப்வேக்காரர்கள் 'மடெம்பா' என்றும் ஜாம்பியாக்காரர்கள் 'கபென்டா' என்றும் சொல்லும் காய்ந்த பொடிமீன் வாங்குங்கள். நம் நெத்திலிக் கருவாட்டுக்குத் தம்பி, ஆனால் ஏரி மீன். வெறும் சட்டியில் வறுத்து, வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மணல் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். சிலது உப்பிட்டது, சிலது உப்பில்லாதது. வாயில் போட்டுப் பார்த்த பிறகே குழம்புக்கு உப்பு. குழம்பு இறக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும், முன்பே போட்டால் கரைந்துவிடும்.

வண்டி இடப்பக்கம்தான் ஓடும். சிக்னலை 'ரோபாட்' என்பார்கள். சிக்னல் இல்லாத நாற்சந்தியில் நாலு பக்கமும் நிறுத்தப் பலகை இருந்தால், எல்லாரும் முழுசாக நின்று, முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். மூலக்கடை பழக்கத்தில் மூக்கை நுழைக்காதீர்கள்.