குமுளி ஏற்றமும் ரேடியேட்டர் மூடியும்

லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறத் தொடங்கினாலே எங்கள் பழைய டீசல் வேன் சூடேறி நின்றுவிடும். என்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கும் என்று ஒரு மெக்கானிக் பயமுறுத்தினார். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? முதலில் சில்லறைச் சாமானைப் பார்ப்போம் என்று, என்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திருகிக் கழற்றினேன். அடியிலிருந்த ரப்பர் வளையம் விரல் பட்டதும் உதிர்ந்தது.

உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, 100 டிகிரி தாண்டியும் தண்ணீரைக் கொதிக்க விடாமல் வைத்திருப்பதே இந்த மூடிதான். பழையதில் அச்சடித்திருந்த 0.9 என்ற அழுத்த அளவைப் பார்த்து அதே அளவில் வாங்கினேன். கூடுதல் அழுத்த மூடியைப் பழைய ஹோஸ் தாங்காது. அப்புறம் ரேடியேட்டரில் ஊற்ற, என்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டும் சுத்தமான தண்ணீரும் சரிபாதி. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படியும்.

இப்போது காய்கறி மூட்டைகளோடு இரண்டாவது கியரில் ஏறினாலும் சூடு காட்டும் மீட்டரின் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ஹார்ன் மட்டும் பாக்கி, அது அடுத்த மாதம்.