ஒற்றைக் கல் வைர மோதிரம்: கல் விழாமல், விரலுக்கும் எடுப்பாக இருக்க எந்த செட்டிங் எடுக்கலாம்?

நிச்சயதார்த்தத்துக்கு ஒற்றைக் கல் வைர மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் கல்லைப் பற்றி வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். நிறம், தெளிவு, வெட்டு, கேரட் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ஆனால் அந்தக் கல்லைப் பிடித்து வைக்கப்போகும் செட்டிங்கைக் கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள். தினமும் போடப்போகும் மோதிரத்தில் கல் தங்குமா, தொலையுமா என்பது செட்டிங்கில்தான் இருக்கிறது. முதல்முறை வாங்குகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் கையைப் பாருங்கள்

மோதிரம் போடப்போகிறவரின் கை நாள் முழுக்க என்ன செய்கிறது? நர்ஸாக இருந்தால் கையுறையைப் போட்டுக் கழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர், குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நிலைமை. உயரமாக நிற்கும் கல் கையுறையைக் கிழிக்கும், தலைமுடியிலும் துப்பட்டாவிலும் மாட்டும், கதவில் இடிக்கும்.

வைரம்தான் உலகிலேயே கடினமான கல்லாயிற்றே, இடித்தால் என்ன என்று கேட்பார்கள். கடினம் என்றால் கீறல் விழாது என்று அர்த்தம். உடையாது என்று அர்த்தம் இல்லை. வைரத்துக்குள் சில திசைகளில் பிளவுபடும் தன்மை உண்டு. சரியான கோணத்தில் ஓர் அடி பட்டால் விளிம்பு சில்லாகப் பெயர்ந்துவிடும். அதனால் கையால் நிறைய வேலை செய்கிறவருக்குத் தாழ்வான செட்டிங் எடுங்கள். கல்லின் அடிமுனை விரலைத் தொடாத அளவுக்கு இருந்தால் போதும். கல்யாணத்தன்று அதே விரலில் இன்னொரு மோதிரமும் வரப்போகிறது என்றால் அதையும் இப்போதே யோசியுங்கள். மிகத் தாழ்வான செட்டிங்கோடு இரண்டாவது மோதிரம் ஒட்டி உட்காராது.

படி 2: கல்லை எது பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பார்ப்பது பிராங் செட்டிங். மெல்லிய கம்பிக் கால்கள் கல்லின் விளிம்பைச் சுற்றி நின்று, நுனியை மேலே மடக்கிப் பிடித்திருக்கும். 1886-ல் அமெரிக்க நகை நிறுவனமான டிஃபனி ஆறு பிராங் வைத்துக் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கி நிறுத்தியது. இன்று நாம் சாலிட்டேர், அதாவது ஒற்றைக் கல் மோதிரம் என்றதும் நினைக்கும் உருவம் அதிலிருந்து வந்ததுதான்.

நான்கா, ஆறா? நான்கில் ஒன்று விட்டுப்போனால் கல் ஒரு பக்கம் திறந்துகொள்ளும், நழுவிவிட வாய்ப்பு அதிகம். ஆறில் ஒன்று போனாலும் மீதி ஐந்து பிடித்துக்கொள்ளும், பத்தரிடம் கொண்டுபோக அவகாசம் கிடைக்கும். அரை கேரட்டுக்கு மேல் வட்டக் கல் என்றால் நான் ஆறைத்தான் சொல்வேன். அதைவிடச் சின்னக் கல்லில் ஆறு பிராங் வைத்தால் கல்லைவிட உலோகம்தான் கண்ணில் படும்; அங்கே நான்கு போதும். சதுரம், பேரிக்காய் வடிவம் போன்ற கூர்முனைக் கற்களுக்கு, முனையை முழுதாக மூடும் வி வடிவ பிராங் கண்டிப்பாக வேண்டும். அவற்றில் முதலில் உடைவது அந்த முனைதான்.

அடுத்தது பெசல். கல்லைச் சுற்றி மெல்லிய உலோக விளிம்பு முழுவதுமாக அணைத்திருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களின் குளோஸ் செட்டிங் தோடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. பாதுகாப்பில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. துணியில் மாட்டாது, விளிம்பு அடிபடாது. பெசல் வைத்தால் ஜொலிப்பு செத்துவிடும் என்று சில கடைகளில் சொல்வார்கள். நன்றாக வெட்டிய கல்லில் ஒளி பெரும்பாலும் மேலிருந்து நுழைந்து மேலேயே திரும்பி வருவதால் அப்படியொன்றும் ஆகாது. நர்ஸுக்கும் பைக் ஓட்டுகிறவருக்கும் தயங்காமல் இதை எடுங்கள்.

இரண்டு பக்க அழுத்தத்தில் மட்டும் கல் நிற்கும் டென்ஷன் செட்டிங் பார்க்க அழகுதான். ஆனால் பின்னால் அளவு மாற்றுவது பெரும்பாடு. முதல் மோதிரத்துக்கு வேண்டாம்.

படி 3: 916 வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்

வீட்டில் பெரியவர்கள் 22 கேரட்தான் வாங்க வேண்டும் என்பார்கள். திரும்ப விற்கும்போது மதிப்பு இருக்கும் என்ற அவர்கள் கணக்கு நியாயமானது. ஆனால் 91.6 சதவீதத் தங்கம் மென்மையானது. அதில் செய்த மெல்லிய பிராங் நாளடைவில் வளைந்து கொடுக்கும். வைரத்துக்கு 75 சதவீதத் தங்கமுள்ள 18 கேரட்தான் பொருத்தம். அதற்கும் ஹால்மார்க் உண்டு: உள்பக்கம் 750 என்ற எண்ணும் எழுத்தும் எண்ணும் கலந்த, அந்த நகைக்கே உரிய ஆறு இலக்க அடையாளக் குறியீடும் (ஹெச்யூஐடி) இருக்கிறதா என்று பாருங்கள். பிளாட்டினமும் நல்ல தேர்வு. வெள்ளைத் தங்கம் எடுத்தால், மேலே உள்ள ரோடியம் என்ற வெள்ளை உலோகப் பூச்சு தேய்ந்து சில வருடங்களில் மறுபடி பூச வேண்டி வரும்.

படி 4: விரலுக்கு எடுப்பாக

வளையத்தின் அகலம் 2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலான விரல்களுக்கு அழகாக இருக்கும். அகலம் கூடக் கூடக் கல் சின்னதாகத் தெரியும். ஒன்றரைக்குக் கீழே போனால் வளையம் நெளியும். விரல் குட்டை என்ற எண்ணம் இருந்தால், ஓவல் கல்லை விரலின் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். லேசான மஞ்சள் சாயல் உள்ள கல்லுக்கு மஞ்சள் தங்கம் நன்றாகப் பொருந்தும், அந்தச் சாயல் உறுத்தாது. நிறமே இல்லாத விலை உயர்ந்த கல்லை மஞ்சள் பிராங்கில் வைத்தால் அந்த நிறம் கல்லுக்குள் தெரியும். அப்போது வளையம் மஞ்சளாகவும், கல் இருக்கும் தலைப்பகுதி மட்டும் வெள்ளையாகவும் செய்யச் சொல்லலாம்.

படி 5: கையில் வாங்கிச் சோதியுங்கள்

அவசரப்பட வேண்டாம். கடையில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் (சின்ன பூதக்கண்ணாடி) கேளுங்கள், கொடுப்பார்கள். ஒவ்வொரு பிராங் நுனியும் கல்லின் மேல் இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: கல்லின் மேல்தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பிராங்குக்குள் வெட்டிய பள்ளங்கள் ஒரே மட்டத்தில் இல்லை. கைக்குட்டையை நுனிகள் மேல் மெதுவாக இழுங்கள், நூல் மாட்டக்கூடாது. கடைசியாக மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் லேசாகத் தட்டுங்கள். கடகட என்று சின்னச் சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. அப்படியே திருப்பிக் கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள்.

படி 6: அளவும் பில்லும்

வெயிலில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். அதனால் மாலை நேரத்தில், சாதாரண வெப்பத்தில் அளவு எடுங்கள். மூட்டைத் தாண்டும்போது கொஞ்சம் இறுகி, தாண்டியதும் சுழலாமல் நிற்க வேண்டும். சுழலும் மோதிரத்தில் கல் பக்கவாட்டுக்கு வந்து எல்லாவற்றிலும் இடிக்கும்.

பில்லில் தங்க எடையும் கல் எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு கேரட் வைரம் 0.2 கிராம், அது தங்கக் கணக்கில் சேரக்கூடாது. கல்லின் விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், கல் பதிப்பதற்கு முன்பே சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெசலில் அந்த எண் விளிம்புக்குள் மறைந்துவிடும்.

வைரத்தில் எண்ணெய் சட்டென்று ஒட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும்போதும் மாவு பிசையும்போதும் கழற்றி வையுங்கள். மங்கினால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மென்மையான டூத்பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தையும் தேயுங்கள். கிண்ணத்தில் வைத்துச் செய்யுங்கள், குழாயடியில் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறையாவது வாங்கிய கடையிலோ தெரிந்த பத்தரிடமோ பிராங்கைக் காட்டுங்கள். நுனி தேய்ந்திருந்தால் புதிதாக உலோகம் ஏற்றித் தருவார்கள்.