மொட்டைமாடியில் ஒரு பொய்க்குழி

வண்ணச் சாக்பீஸ், அடுப்புக்கரி, அளவு நாடா, கொத்தனார் நூல். தட்டையான தரையில், செல்பேசிப் படத்தில் நிஜக் குழிபோலத் தெரியும் ஓவியம் ஒன்றை வரைய இவ்வளவு போதும். ஸ்கேல் வேண்டாம், மூன்று மீட்டர் கோட்டுக்கு நூலைவிட நம்பகமான கருவி கிடையாது.

கேமரா 150 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி செல்பேசியைப் பிடியுங்கள். அதற்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி வையுங்கள். இதுதான் காலடிப் புள்ளி. அங்கிருந்து 200 செ.மீ. தள்ளி, 100 செ.மீ. சதுரம் ஒன்றைப் போடுங்கள். புள்ளி சதுரத்தின் நடுவுக்கு நேராக இருக்கட்டும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்துதான். நான்கு மூலைகளிலிருந்தும் சதுரத்தின் நடுவை நோக்கிக் கோடு இழுத்தேன். குழி வரவில்லை, பிரித்துப்போட்ட தபால் உறை வந்தது. மாலை முழுக்கத் துடைத்துத் துடைத்து வரைந்தேன். செங்குத்தான விளிம்புகள் சதுரத்தின் நடுவுக்குப் போவதில்லை, காலடிப் புள்ளிக்கே போகின்றன என்பது இருட்டிய பிறகுதான் உறைத்தது.

ஆகவே, புள்ளியில் நூலைக் கட்டி, தூரத்து மூலை இரண்டுக்கும் இழுங்கள். குழியின் ஆழம் 50 செ.மீ. என்றால், கேமரா உயரமான 150-ஐ, உயரமும் ஆழமும் சேர்ந்த 200-ஆல் (150 + 50) வகுக்க வேண்டும், முக்கால். நூலின் முக்கால் தூரத்தில், அதாவது மூலையிலிருந்து 76 செ.மீ. உள்ளே, குழியின் அடிமூலை. இரண்டு அடிமூலைகளையும் இணையுங்கள். கோடு 75 செ.மீ. வரும். அவற்றிலிருந்து சதுரத்தின் முன்விளிம்பு வரை நேர்கோடுகள் இறக்குங்கள். முன்சுவர் கண்ணுக்குத் தெரியாது, வரையாதீர்கள்.

ரோமிலுள்ள புனித இக்னேஷியஸ் தேவாலயத்தில் குவிமாடம் கிடையாது. ஓவியர் ஆந்திரேயா போட்சோ 1685-இல் தட்டையான துணியில் வரைந்த ஓவியம்தான் குவிமாடமாகத் தெரிகிறது. எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் ஒரு வட்டமும் பதித்திருக்கிறார்கள். நம் காலடிப் புள்ளியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

நிழலுக்குக் கரி. வெயில் வலப்பக்கமிருந்து வந்தால் வலச்சுவரைக் கருமையாக்குங்கள், இடச்சுவரை வெளிறவிடுங்கள். காலையில் தீட்டிய நிழல் மாலையில் பொய்யாகிவிடும், சீக்கிரம் படமெடுங்கள்.

பின்சேர்க்கை: குழி தட்டையாகவே தெரிகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில், படம் சிறிதாக விழுகிறதே என்று இரண்டடி முன்னால் நகர்ந்திருக்கிறார். ஜூம் செய்யுங்கள், நகராதீர்கள். நேரில் பார்ப்பவர்கள் கண் உயரத்தை 150 செ.மீ.க்குக் கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.